அண்ணாச்சி நேராக்கிய சுவர்

என் டை எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் தொங்கும். கழுத்துக்கும் தொப்பைக்கும் நடுவே அதற்கு நேர்வழி கிடைக்காததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஷார்ஜா ஆபீசில் நான் சேர்ந்த முதல் நாள், லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து நின்றார். இரண்டு விரலால் என் டையைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார்.

"இப்பம் சரி. கோணலா இருந்தா கண்ணு உறுத்தும் வே," என்றார்.

அவர்தான் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். ஆபீசில் மலையாளிகள், பாகிஸ்தானிகள், பிலிப்பினோக்கள் எல்லோருமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருடைய பெயர் என்றே பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

எங்களுடையது படம் வரையும் ஆபீஸ். கட்டடம் இங்கிலாந்தில் இருக்கும், படம் ஷார்ஜாவில் தயாராகும். அங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே எங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரில் வரைந்து திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆபீசில் ஒரு கோடுகூட வரையத் தெரியாத ஒரே ஆள் நான். வரைந்த படங்களுக்கு நம்பர் போட்டு, அனுப்பி, திரும்பி வந்ததை வாங்கி வைக்கிற வேலை எனக்கு. பதவியின் பெயர் டாக்குமென்ட் கன்ட்ரோலர். எந்த டாக்குமென்டும் என் கன்ட்ரோலில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அண்ணாச்சி மூத்த டிராஃப்ட்ஸ்மேன். அவருடைய கீபோர்டில் எஃப் எட்டு என்ற பொத்தானில் எழுத்தே இருக்காது, தேய்ந்து வழவழவென்று இருக்கும். அதை அழுத்திவிட்டால் நீங்கள் எப்படிக் கை நடுங்கி இழுத்தாலும் கோடு நேராகத்தான் போகும். படுக்கையாகவோ நெட்டுக்குத்தாகவோ மட்டும்தான் விழும், சாய்ந்து விழாது. மற்றவர்கள் தேவைக்கு அழுத்துவார்கள், தேவைக்கு எடுப்பார்கள். அண்ணாச்சி எடுத்து நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாலும் அவருக்குள் அந்தப் பொத்தான் அழுந்தியே இருந்தது. எங்கள் மாடியில் ஒரு தொழுகை அறை உண்டு. நண்பகல் தொழுகைக்குப் போகிறவர்கள் அவசரத்தில் செருப்பையும் ஷூவையும் கதவுக்கு வெளியே உதறிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். நெற்றியில் திருநீறு வைத்த இந்த மனிதர் டீ குடிக்கப் போகிற வழியில் அங்கே குந்தி உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக, முனை வெளிப்பக்கம் பார்க்க, சுவரோரமாக அடுக்கிவிட்டுப் போவார். முதலில் சிலர் தங்கள் ஷூவைக் காணாமல் தேடினார்கள். பிறகு பழகிவிட்டது. வாசல் செக்யூரிட்டி, பெஷாவர்க்காரர், ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி பாய், ஜன்னத்மே ஆப்கா பார்க்கிங் பக்கா!" சொர்க்கத்தில் உங்களுக்குப் பார்க்கிங் நிச்சயம் என்று அர்த்தம்.

"அங்கயாவது கோடு போட்டு வச்சிருப்பானுவளா?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

பார்க்கிங் பற்றி அவர் பேசியதில் நியாயம் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் அஜ்மானில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தோம். காலையும் மாலையும் என் காரில்தான் போக்குவரத்து. நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் அவர் இறங்கமாட்டார். கதவைத் திறந்து கீழே கோட்டைப் பார்ப்பார்.

"பின்னால கொஞ்சம் வாங்கும் வே. இடது பக்கம் மஞ்சக் கோட்டை மிதிச்சிட்டு நிக்கி."

"அண்ணாச்சி, மணி எட்டாச்சு."

"ஆவட்டும். வண்டி நாள் பூரா இப்படியா நிக்கும்? பாவம்லா."

வண்டிக்குப் பாவம் பார்த்த அந்த மனிதர் என் முதுகுவலிக்கு ஒருநாளும் பாவம் பார்த்ததில்லை. டாஷ்போர்டில் டிஷ்யூ டப்பா, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை (வண்டியை எனக்கு விற்றவருடையது, கழற்ற மனம் வரவில்லை), எல்லாம் அவர் ஏறினால் நடுவுக்கு வந்துவிடும். டிராஃபிக்கில் நிற்கும்போது ஜெபமாலை ஆடினால் ஒரு விரலால் நிறுத்திவைப்பார்.

ஒரு தடவை அவர் வீட்டில் சாப்பிட்டேன். அண்ணி தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்: "வட்டமா வரலன்னா சாப்பிட மாட்டாவ. கல்யாணமான புதுசுல ஓரத்தைக் கத்திரிக்கோலால வெட்டுனாவ."

"சும்மா இரி. ஒருநாள் வெட்டுனேன்," என்றார் அண்ணாச்சி.

"ஒருநாள் வெட்டுன மனுசன்தான் எல்லா நாளும் கூட இருக்காவ."

ஒரே மகள். பிளஸ் டூ. அவளுடைய வகிடு வேண்டுமென்றே வளைந்து வளைந்து போகும். அப்பாவை எரிச்சல்படுத்துவதற்காகச் சீப்பின் வாலால் தினமும் மெனக்கெட்டு எடுக்கிறாள் என்று அண்ணி சொன்னார். சாப்பிடும்போது அண்ணாச்சியின் கை இரண்டு தடவை அவள் தலைப்பக்கம் போனது. "அப்பா, டோன்ட்," என்றாள் அவள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. கை திரும்பி வந்து தண்ணீர் டம்ளரைத் தட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தது.

அந்தப் பெண்ணின் பரீட்சை மார்ச்சில். அண்ணாச்சிக்கு அந்த வருடம் வேறு கவலையே கிடையாது. ஆபீசில் வயதானவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் விசா போகும். அவர் விசாவில்தான் அண்ணியும் மகளும் நிற்கிறார்கள், அவர்களும் கிளம்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டால் அந்த வருடம் போச்சு. வளைகுடாவில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

"மார்ச் வரைக்கும் தள்ளிட்டா போதும் வே," என்பார் காரில். "அதுவரைக்கும் ஒரு கோடு கோணலாப் போவக்கூடாது."

அவரை மாட்டிவிட்டது கோணலாகப் போகாத கோடுதான்.

அந்த ஜூலையில் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய ராணுவ உடற்பயிற்சிக்கூடம் வந்தது. விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது. ராணுவம் எப்போதோ காலி செய்துவிட்டுப் போய், பிறகு கிடங்காக இருந்து, பிறகு புறாக்களுக்கு விட்டுக்கொடுத்து, இப்போது ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவதற்காகப் பழுது பார்க்கப்போகிறார்கள். உள்ளே லேசர் மெஷினை வைத்து அளந்து அனுப்பியிருந்தார்கள். திரையில் திறந்தால் கட்டடம் முழுக்கப் புள்ளி. புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பது எங்கள் ஆட்களின் வேலை.

நான் தேநீர்க் கோப்பையோடு அண்ணாச்சி பின்னால் போய் நின்று பார்ப்பேன். அழகான கட்டடம் என்று எனக்கே தெரிந்தது. வெளியே சிவப்புச் செங்கல், நடுநடுவே கரை வேட்டி மாதிரி வெளிர் மஞ்சள் செங்கல் வரிசை. ஜன்னல்கள் எல்லாம் வளைவு வைத்து, ஆள் உயரத்துக்கு எட்டாமல் மேலே. உள்ளே பயிற்சி செய்கிறவன் வெளியே வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதற்காக இருக்கலாம். கூரையின் உச்சியில் நீளமாக இன்னொரு குட்டிக் கூரை, பக்கவாட்டில் சாய்வுப் பலகைகள் வைத்து. அத்தனை சிப்பாய்களின் வியர்வை நாற்றமும் போக ஒரு வழி வேண்டுமே. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் வரிசையாகக் கொக்கிகள், கயிறு கட்டி ஏறுவதற்கு. ஒரு கோடியில் மேலே மாடி, அதிகாரிகள் நின்று பார்ப்பதற்கு.

அந்த வேலைக்குப் பொறுப்பான ஆர்க்கிடெக்ட் ஒரு ஆங்கிலேய அம்மாள். நாங்கள் மேடம் என்போம். வீடியோ காலில் அவர்தான் கதை சொன்னார். கிரிமியப் போருக்குப் போய்வந்த பிறகுதான் ராணுவத்துக்கு ஒரு விஷயம் உறைத்ததாம். சிப்பாய்களுக்கு வரிசையில் நிற்கத் தெரிகிறது, வரிசையில் நடக்கத் தெரிகிறது, ஒரு சுவர்மேல் ஏறச் சொன்னால் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது மாடிக்கு லிஃப்டில் போகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சிப்பாய்கள் மேல் பரிவு வந்தது. அதன்பிறகு ராணுவம் இருந்த ஊர்களிலெல்லாம் இப்படி உயரமான கூடங்களைக் கட்டி, கயிறும் ஏணியும் மரக்குதிரையும் வைத்து, ஆட்களை ஏறவும் தாவவும் பழக்கினார்கள்.

"வரிசையில நின்னவனைப் போயி குரங்கு மாதிரி தொங்க விட்டிருக்கானுவ," என்றார் அண்ணாச்சி. அவருக்கு முந்தைய ராணுவம்தான் பிடித்திருந்தது.

மூன்று வாரம் வரைந்தார். கடைசி நாள் படத்தைப் பார்த்தபோது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. நம்பர் போட்டு அனுப்பிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மேடம் அவசரமாக வீடியோவில் வந்தார். அண்ணாச்சி, மேனேஜர், பக்கத்தில் கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் நான். மேடம் லேசர் புள்ளிகளின் மேல் எங்கள் படத்தை வைத்துக் காட்டினார். தரையில் கோடும் புள்ளியும் ஒன்றாக இருந்தன. மேலே போகப்போகப் புள்ளிகள் கோட்டை விட்டு மெல்ல வெளியே விலகின. கூரைக்குக் கீழே போகும்போது நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி.

"இந்த நீளச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது," என்றார் மேடம். "உங்கள் படத்தில் அது சாயவில்லையே?"

மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி திரையைப் பார்த்தார்.

"சாஞ்சிருந்துச்சு மேடம்," என்றார் ஆங்கிலத்தில், பெருமையோடு. "நான் நேராக்கிட்டேன்."

மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கம்பிகள் கூரைக்குக் கீழே குறுக்காகப் போகின்றன. எப்போதோ, கயிற்றில் ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று யாரோ அதில் சிலவற்றை அறுத்து எடுத்துவிட்டார்கள். பிடி போனதும் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளியது. அப்புறம் வந்தவர்கள் பயந்துபோய் வேறு கம்பி கொடுத்து, சுவரின் வெளிப்பக்கம் இரும்புத் தட்டு வைத்து முடுக்கி, அந்த அளவில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அது அப்படியே நிற்கிறது. இனி யாரும் அதைத் தள்ளவும் போவதில்லை, இழுக்கவும் போவதில்லை. ஆனால் பழைய மாடி உளுத்துப்போனதால் புதிதாக இரும்பு மாடி செய்கிறார்கள், அதுவும் இந்தப் படத்தை வைத்து. நேரான சுவருக்குச் செய்த மாடியைச் சாய்ந்த சுவரில் மாட்டினால் ஓரத்தில் பிள்ளைகள் கால் நுழைந்துவிடும்.

அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை வருசமா யாருமே அதை நேராக்கணும்னு நினைக்கலியா?"

"நேராக்கப் போனால் விழுந்துவிடும்," என்றார் மேடம்.

கால் முடிந்ததும் மேனேஜர் கதவைச் சாத்தினார். கோயம்புத்தூர்க்காரர். ஆளை வேலையை விட்டு எடுத்தாலும் மரியாதையோடு எடுப்பார்.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. திங்கக்கிழமை காலைல சரியான படம் போயாகோணும். போகலீன்னா அவங்க வேற ஆபீஸ் பாத்துக்குவாங்க, நானும் வேற ஆள் பாத்துக்க வேண்டீதாயிரும். நானாச் சொல்றதில்லீங்க, மேல இருந்து சொல்றாங்க."

"மார்ச் வரைக்கும்…" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"அதுக்குத்தானுங்க திங்கக்கிழமைங்கறேன்."

அன்று சாயங்காலம் காரில் அண்ணாச்சி டிஷ்யூ டப்பாவைத் தொடவில்லை. நான் பயந்துவிட்டேன்.

"மத்தியானத்துல இருந்து உக்காந்து பாக்குதேன் வே," என்றார். "புள்ளி எங்க இருக்குன்னு தெரியுது. கோட்டை இழுக்குதேன். பாதி உயரம் போனதும் கண்ணு உறுத்துது. என்னையறியாம கை எட்டை அமுக்கிருது. நேராப் போயிருது. நாலு தடவை அழிச்சாச்சு. கை கேக்க மாட்டேங்கு."

"வேற யார்கிட்டயாவது குடுத்தா?"

"குடுத்தா, இவன் எதுக்குன்னு மேல உள்ளவன் கேப்பான்லா."

சனிக்கிழமை விடுமுறை. நானும் அவரும் ஆபீசுக்குப் போனோம். நான் டிரைவராகத்தான் போனேன். விடுமுறை நாளில் கட்டடத்துக்கே ஏசியை அணைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் ஷார்ஜா எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சிப்பாய்களுக்கு வைத்த மாதிரி எங்கள் கூரையிலும் ஒரு குட்டிக் கூரை வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அண்ணாச்சி உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாக் கத்தியை எடுத்தார். கீபோர்டிலிருந்து எஃப் எட்டுப் பொத்தானை நெம்பிக் கழற்றினார். என் உள்ளங்கையில் வைத்தார்.

"உம்ம பையில போடும். நான் கேட்டாலும் தராதீரும்."

பிறகு பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் திரையின் மேல் போட்டு மூடினார். அடுத்த மெஷினில் புள்ளிகளைத் திறந்து என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். எங்கே கிளிக் செய்தால் அளவு தெரியும் என்று காட்டினார். நான் அளவைப் படிக்க வேண்டும். அவர் திரையைப் பார்க்காமல் எண்களை மட்டும் டைப் அடிப்பார். பார்த்தால்தானே உறுத்தும்.

படம் வரையத் தெரியாதவனும் படத்தைப் பார்க்காதவனும் சேர்ந்து ஒரு சுவர் வரைந்தோம்.

"தரையில சைபர்," என்றேன். "அதுக்கு மேல மூணு மில்லி வெளியே. அடுத்தது ஏழு."

"ஏழா? ஆறுன்னு வையும். மூணு, ஆறுன்னு வரிசையா வரும்."

"ஏழுதான் அண்ணாச்சி."

"அந்த சிப்பாய்ப் பயலுவ ஆறுலயே நின்னுருக்கக்கூடாதா? சரி, ஏழு. அடுத்தது?"

"அடுத்தது… பதினெட்டு."

"நீரு சரியாத்தான் படிக்கீரா?"

"நான் டையைத்தான் கோணலாக் கட்டுவேன் அண்ணாச்சி. நம்பரை ஒழுங்காப் படிப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. பதினெட்டை அடித்தார். பல்லைக் கடித்தபடி அடித்தார் என்பதைப் பக்கத்திலிருந்தே கேட்க முடிந்தது. நடுவில் அவர் மகள் போன் செய்தாள். ஏதோ மாதிரிப் பரீட்சைத் தாள் பிரின்ட் எடுக்க வேண்டுமாம். "அப்பா ஜோலியா இருக்கேம்மா. சாயங்காலம் எடுத்துட்டு வாரேன்," என்று வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொல்லும் வே," என்றார்.

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்கிற வரை படித்தேன். சுவரின் கடைசி முனை வந்தது. அண்ணாச்சி துண்டைத் தூக்கினார்.

திரையில் சுவர் சாய்ந்து நின்றது. சும்மா சாயவும் இல்லை, நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளி, மேலே போய் வெளியே ஒருக்களித்து, ஏறத்தாழ நான் லிஃப்டுக்கு நிற்கிற மாதிரி நின்றது. புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. அண்ணாச்சியின் முகம், சாப்பாட்டில் பூச்சியைப் பார்த்தவர் முகம் மாதிரி ஆனது. அவருடைய நடுவிரல் தானாக எழுந்து கீபோர்டின் மேல் போனது. அங்கே பொத்தான் இல்லை, குழிதான் இருந்தது. விரல் குழிக்குள் போய் நின்றது. அவர் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தார்.

நான் கையால் பொத்திக்கொண்டேன்.

"தராதீரும்," என்றார் அவரே. கண்ணை மூடிக்கொண்டார். "நீரே சேவ் பண்ணிரும்."

அந்த ஆபீசில் ஒரு படத்துக்கு நான் செய்த ஒரே தொழில்நுட்பப் பணி அது. சேவ் அடித்தேன்.

திங்கட்கிழமை படம் போனது. மாலையில் மேடமிடமிருந்து பதில் வந்தது, எல்லாம் பொருந்துகிறது என்று. மேனேஜர் வந்து, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனுங்களே," என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என் எட்டு எங்க வே?"

எட்டு என் சட்டையோடு லாண்டரிக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தார். முன்னைவிட வழவழப்பாக இருந்தது. அண்ணாச்சி அதை மாட்டி, இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, பெருமூச்சு விட்டார். அன்று மத்தியானம் தொழுகை அறை வாசலில் ஷூக்கள் எல்லாம் மறுபடி வரிசையில் நின்றன. அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. அடுத்த வாரமே என் மேஜையில் ஸ்டேப்ளரை நேராக வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் வந்தது. மகள் பரீட்சை எழுதி முடித்தாள். மேனேஜர் மறுபடி ஒரு கதவைச் சாத்தி, மறுபடி "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். இந்தத் தடவை அண்ணாச்சி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டிருந்தது மார்ச் வரைக்கும்தான்.

அவர்கள் ஊருக்குப் போகிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அஜ்மானில் அவர் கட்டடத்தின் கீழே கார்கோ வண்டிக்காகக் காத்திருந்தோம். அட்டைப் பெட்டிகளை, சொன்னால் நம்பமாட்டீர்கள், செங்கல் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார். அண்ணி மேலே வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள்தான் மேடம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அண்ணாச்சிக்குக் காட்டத்தான் வைத்திருந்தேன். அந்தக் கூடம், புது மாடியோடு. சிவப்பும் மஞ்சளுமாகக் கழுவித் துடைத்த செங்கல், மேலிருந்து இறங்கும் வெளிச்சம், கொக்கிகளில் புதுக் கயிறுகள். தரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒருத்தன் கயிற்றில் பாதி ஏறிவிட்டு, இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் நீளச் சுவர், நன்றாகவே சாய்ந்து தெரிந்தது. மாடி அதோடு ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாமல் உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சி போனை வாங்கினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வேறு ஒருவராக இருந்தால் மாடியைப் பார்த்திருப்பார்.

"இதுல திருப்புத வசதி இருக்கும்லா?" என்றார்.

நான் சொல்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார். படத்தைச் சாய்க்கிற அளவுகோலில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். சுவர் நிமிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் போனின் ஓரத்துக்கு நேர்க்கோடாக, தூக்குக்குண்டு விட்டுக் கட்டிய சுவர் மாதிரி நின்றது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு நெற்றி சுருங்கியது.

"புள்ளைக எல்லாம் விழுதாவளே வே," என்றார்.

எட்டிப் பார்த்தேன். சுவர் நிமிர்ந்த அளவுக்குத் தரை சரிந்துவிட்டிருந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரு பக்கமாக, கப்பல் தளத்தில் நிற்கிறவர்கள் போலச் சாய்ந்திருந்தார்கள். கயிற்றில் தொங்கியவன் கயிறோடு சேர்ந்து சரிந்திருந்தான்.

மகளும் வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஜஸ்ட் லீவ் இட்," என்றாள்.

அவர் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார், இரண்டும் நேராக நிற்கிற ஓர் இடம் இருக்கும் என்பதுபோல. இல்லை. பிறகு மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். சுவர் சாய்ந்தது. போனை என்னிடம் கொடுத்தார்.

கார்கோ வண்டி வந்து, கோட்டை மிதித்தபடி நின்றது. டிரைவரைப் பார்த்துக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பேசாமல் பெட்டிகளை ஏற்றினார். எல்லாம் முடிந்து என் எதிரே வந்து நின்றார். பழக்கத்தில் இரண்டு விரல் என் கழுத்துக்கு நேராக எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் டை கட்டியிருக்கவில்லை. விரல்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டி இறங்கின.